புகை வருகிறது என்று ஆயிலைக் குறைக்காதீர்கள்: பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

படகின் பின்பக்கம் மாட்டி ஓட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்கிறார்கள். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் கரை முழுக்கப் புகை, பக்கத்துப் படகில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார், உடனே ஆயில் அதிகமாகிவிட்டது என்று நினைத்து அடுத்த டேங்கில் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்த புதிதில் 1958-ஆம் வருடத்து ஜான்சன் 10 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஒரு கடையில் கேட்டபோது, இந்தக் காலத்து ஆயில் எல்லாம் ரொம்ப நல்ல ஆயில், எந்த மோட்டாருக்கும் 50-க்கு 1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் போதும் என்றார்கள். தூத்துக்குடியில் பங்கில் ஸ்கூட்டருக்கு டூ-டி ஆயில் ஊற்றச் சொல்லியே பழகியவன் நான், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மூன்றாவது தடவை ஏரிக்குள் போனபோது முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடிவிட்டு, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல மெல்ல வேகம் குறைந்து நின்றுவிட்டது. கயிறு இழுக்க வரவில்லை. பிரித்துப் பார்த்தால் வாட்டர் பம்ப் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் பக்கம் உலோகம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, பிஸ்டனில் நீளநீளமாகக் கீறல்கள்.

உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது. அதனால் ஒவ்வொரு அறிகுறியாக எடுத்து, ஆயில் கலவையில் தப்பா, இல்லை வேறு எங்காவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எழுதுகிறேன்.

அறிகுறிக்குப் போகும் முன்: உங்கள் மோட்டாருக்கு உரிய அளவு எது?

இது தெரியாமல் கீழே சொல்லும் எதுவும் உதவாது. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்குக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்காது, பெட்ரோலோடு கலந்து உள்ளே போகிற ஆயில் மட்டும்தான் பேரிங், பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் நனைக்கிறது. பழைய மோட்டார்கள் பலவற்றில் கிராங்க் சுற்றுவது வெண்கலக் குழல்போன்ற புஷ்ஷுக்குள். புஷ்ஷுக்கும் தண்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு ஆயில் படலம் நின்றாக வேண்டும், அதற்கு அளவு வேண்டும். பின்னால் வந்த, ஊசிபோல மெல்லிய உருளைகள் வைத்த நீடில் ரோலர் பேரிங்குக்குக் கொஞ்சம் ஆயிலே போதும். அதனால் அளவை முடிவு செய்வது உள்ளே இருக்கிற பேரிங். இன்று நீங்கள் வாங்கும் ஆயில் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சிந்தெடிக்காகவே இருந்தாலும், 1958-இல் செய்த பேரிங்கை அது மாற்றிவிடாது.

ஜான்சன், எவின்ரூட் இரண்டும் ஒரே நிறுவனத்தின் இரண்டு பெயர்கள், அதனால் இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். 1964 முதல் வந்தவற்றுக்குப் பொதுவாக 50-க்கு 1. அதற்கு முந்தையவற்றுக்கு 24-க்கு 1. இன்னும் பழையது, உள்ளே முழுக்க புஷ்தான் என்றால் 16-க்கு 1. 1980-களின் நடுவில் அதே நிறுவனம் 100-க்கு 1 என்று சொல்லிப் பார்த்தது, பிறகு 50-க்கே திரும்பியது. உங்கள் மோட்டாரின் ஸ்டிக்கரில் 100 என்று இருந்தாலும் 50-ஆகவே கலந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தின் பிரிட்டிஷ் சீகல் தனி ரகம். அதன் பழைய மாடல்கள் 10-க்கு 1 கேட்பவை. படித்ததும் அச்சுப்பிழை என்றுதான் தோன்றும், ஆனால் அதில் புஷ் வழியாகக் காற்று கசியாமல் அடைப்பதே அந்த ஆயில்தான். பிற்கால சீகல் 25-க்கு 1-இல் ஓடும், அதற்கேற்ற கார்புரேட்டரோடு வந்தது. பழைய சீகலில் ஆயிலை மட்டும் குறைத்துவிட்டு கார்புரேட்டரை அப்படியே விட்டால் தொந்தரவுதான்.

லிட்டர் கணக்கில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 10-க்கு 1 என்பது 100 மில்லி, 16-க்கு 1 என்பது 62 மில்லிக்குக் கொஞ்சம் மேல், 24-க்கு 1 என்பது 42 மில்லி, 50-க்கு 1 என்பது 20 மில்லி. அமெரிக்காவில் 24 என்ற எண் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். 6 கேலன் டேங்குக்கு ஒரு க்வார்ட், அதாவது கால் கேலன் ஆயில் ஊற்றினால் சரியாக 24-க்கு 1 ஆகிவிடுகிறது, படகோட்டி கணக்குப் போடவே வேண்டாம். ஆனால் பிரிட்டிஷ் கேலன் வேறு, பைன்ட் வேறு. சீகலின் கையேட்டைப் பார்த்துக்கொண்டு அமெரிக்க அளவுக் குவளையில் அளந்தால் தப்பாகிவிடும். மில்லியில் அளப்பதே நல்லது.

இன்னொன்று, டேங்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அறுபது வருடத்தில் அந்த டேங்க் எத்தனை மோட்டாருக்குக் கைமாறியதோ. மோட்டாரின் மாடல் எண்ணைப் பார்த்து வருடத்தைக் கண்டுபிடித்து, அந்த வருடத்துக் கையேட்டைத் தேடிப் பாருங்கள். எதுவும் கிடைக்கவில்லை, சந்தேகம் தீரவில்லை என்றால் ஆயில் அதிகமான பக்கமே போங்கள்.

"ஸ்டார்ட் ஆனதும் மேகம் மாதிரி புகை"

குளிர்ந்த மோட்டாரில், அதுவும் 24-க்கு 1 அல்லது 16-க்கு 1 கலவையில், முதல் இரண்டு மூன்று நிமிடம் நீலம் கலந்த வெள்ளைப் புகை வருவது இயல்பு. குளிர்காலம் முழுக்க சும்மா கிடந்த மோட்டார் என்றால் கூடுதலாகவே வரும், போன வருடம் உள்ளே தெளித்து வைத்த ஆயில் எரிந்து முடிய வேண்டும். விடியற்காலைக் குளிரில் சைலன்சர் வழியே வரும் நீராவியையும் சிலர் புகை என்று எண்ணிவிடுகிறார்கள். நீராவி கொஞ்ச தூரத்திலேயே கரைந்துவிடும், ஆயில் புகை தண்ணீர்மேல் தவழ்ந்துகொண்டே போகும்.

மோட்டார் சூடான பிறகும் புகை குறையவில்லை என்றால் முதலில் சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய மோட்டாரில் சோக் கம்பி தேய்ந்து, நாம் உள்ளே தள்ளினாலும் பாதி மூடியே நிற்கும். அப்புறம் கார்புரேட்டரில் மெதுவேகத்துக்குப் பெட்ரோலை அளந்துவிடும் ஊசி அளவுக்கு மேல் திறந்திருக்கலாம், அதை எப்படிச் சரி செய்வது என்று கீழே சொல்கிறேன். இரண்டும் சரியாக இருந்தால் கேனில் என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று பாருங்கள். இவை எல்லாம் சரி, அளவும் சரி என்றால் அந்தப் புகையோடுதான் இருக்க வேண்டும், 1950-களின் மோட்டார் அப்படித்தான் ஓடும்.

"பிளக் கறுத்து, ஈரமாகி, அடிக்கடி அணைந்துபோகிறது"

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆயிலைக் குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். தயவுசெய்து முதலில் ஸ்பார்க்கைப் பாருங்கள். 1950-களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் இக்னிஷன் காயிலின் மேலுறை வெடித்துப் பிளந்திருப்பது மிகச் சாதாரணம், அந்த விரிசல் வழியே மின்சாரம் கசிந்துவிடும். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்து இழுத்தால் ஏதோ மினுங்கும், ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் இருக்கும்போது அந்த ஸ்பார்க் வராது. அதனால் 6 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரில் சோதியுங்கள். அந்த இடைவெளியை நீலமாக, பட்டென்று சத்தத்தோடு தாண்ட வேண்டும். மஞ்சளாக, சன்னமாக வந்தால் காயில், கண்டென்சர், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் மூன்றையும் பாருங்கள். பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். பாயின்ட்டின் முகத்தைச் சுத்தமான துணியால் துடைத்தாலே சில மோட்டார்கள் உயிர்பெற்றுவிடும்.

ஸ்பார்க் பலமாக இருந்தால் 24-க்கு 1 கலவை பிளக்கை ஒன்றும் செய்யாது. நாள் முழுக்க தூண்டில் இழுத்துக்கொண்டு மெதுவேகத்திலேயே ஓட்டுபவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கறுக்கும். அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிவிட்டால் தானே சுத்தமாகிவிடும்.

பிளக்கில் கறுப்பு ஈரத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதோ ஒட்டியிருந்தால், அல்லது இரண்டு முனைக்கும் நடுவே மெல்லிய நூல்போல ஒரு பாலம் கட்டியிருந்தால், அது ஆயிலின் ரகத்தால் வருவது. டூ-ஸ்ட்ரோக் என்றதும் நம் ஊரில் கைக்குக் கிடைக்கும் டூ-டி பாட்டில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் செய்தது. அந்த எஞ்சின்கள் காற்றால் குளிர்பவை, அதிகச் சூட்டில் ஓடுபவை, அந்தச் சூட்டில் அழுக்கு சேராமலிருக்க உலோகம் கலந்த சேர்க்கைகளைப் போடுவார்கள், எரிந்த பிறகு அவை சாம்பலாக மிஞ்சும். அவுட்போர்டு ஏரித் தண்ணீரில் குளிர்வதால் அவ்வளவு சூடாகாது. அந்தச் சாம்பல் பிளக்கிலும் ரிங் பள்ளத்திலும் பிஸ்டன் தலையிலும் தங்கிவிடும். தங்கியது நெருப்புத் துண்டாகக் கனன்று, ஸ்பார்க் வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைத்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். பாட்டிலில் டிசி-டபிள்யூ3 என்று இருக்கிறதா பாருங்கள், அது நீரால் குளிரும் அவுட்போர்டுக்கான சாம்பலில்லாத ஆயில் என்பதற்கான முத்திரை. எந்தக் கம்பெனி என்று நான் பார்ப்பதில்லை. பழைய கையேட்டில் எஸ்ஏஈ 30 ஆயில் என்று எழுதியிருக்கும், அந்த எண் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வது. அன்றைக்கு டிசி-டபிள்யூ3 கிடையாது, இருந்ததில் நல்லதைச் சொன்னார்கள். இன்றைய கார் எஞ்சின் ஆயிலில் டிடர்ஜென்ட் என்ற அழுக்கு நீக்கும் சேர்க்கை இருக்கிறது, அதை ஊற்றாதீர்கள். சரி, ரகம் இன்றையது, அளவு அன்றையது. பழைய மோட்டாருக்கு ஆயில் வாங்கும்போது நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

"வேகம் கூட்டினால் கார்புரேட்டர் வழியே தும்முகிறது, அணைகிறது"

கார்புரேட்டர் வாய் வழியே "புஸ்" என்று திருப்பித் துப்பினால் மோட்டாருக்குப் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அளவைச் சரியாகத் திருத்திக்கொண்டவர்களுக்கே இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது. அதுவரை 50-க்கு 1-இல் ஓட்டியவர் 24-க்கு 1-க்கு மாறுகிறார். அதே ஊசித் துவாரம் வழியே போகும் கலவையில் இப்போது ஆயிலின் பங்கு கூடிவிட்டது, பெட்ரோலின் பங்கு அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது, ஆயில் கெட்டியானது என்பதால் ஓட்டமும் கொஞ்சம் மந்தம். ஆக, ஆயிலைக் கூட்டினால் எரியும் கலவை மெலிகிறது. உடனே "ஆயில் கூடிப்போச்சு" என்று பழையபடி 50-க்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊசியைக் கொஞ்சம் திறந்தால் போதும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

1950-களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் முன்னால் இரண்டு ஊசிக் குமிழ்கள் இருக்கும், ஒன்று மெதுவேகத்துக்கு, இன்னொன்று முழு வேகத்துக்கு. இரண்டையும் மெல்ல உள்ளே திருகி, தட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கினால் ஊசி முனை நசுங்கும். அங்கிருந்து மெதுவேக ஊசியை ஒன்றரைச் சுற்றும் முழு வேக ஊசியை ஒரு சுற்றும் திறந்து தொடங்குங்கள். மோட்டார் தண்ணீரில், கியரில் இருக்க வேண்டும், நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், டிரம் தண்ணீரில் வைத்துச் செய்தால் சரியாக வராது. முதலில் முழு வேகத்தில் ஓட்டி, அந்த ஊசியை அரைக்கால் சுற்று அரைக்கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் அதிகபட்சமாக, சீராக வரும் இடத்தில் விட்டு, அங்கிருந்து ஒரு துளி கூடுதலாகத் திறந்து வையுங்கள். பிறகு மெதுவேகத்துக்கு வந்து மற்ற ஊசியை அதேபோல உள்ளே திருகிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு திருகலுக்கும் பின் பத்துப் பதினைந்து விநாடி காத்திருக்க வேண்டும், மோட்டார் அதை உணர அவ்வளவு நேரம் எடுக்கும். ஓர் இடத்தில் தும்மும். அங்கிருந்து கால் சுற்று வெளியே எடுத்தால் முடிந்தது.

"நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, முழு வேகத்தில் மெல்ல இறங்கி நின்றது"

எனக்கு நடந்தது இதுதான். இறங்கத் தொடங்கிய நொடியிலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடுங்கள், "கரை போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஒரு நிமிடம் இழுத்தால் மோட்டார் போய்விடும். ஆறவிட்டுக் கையால் ஃப்ளைவீலைத் திருப்பிப் பாருங்கள். இலேசாகச் சுற்றினால் தப்பித்தீர்கள். கரகரவென்று பிடித்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, தண்ணீர் ஏறவில்லை. பழைய மோட்டார்களில் இப்போதுபோல ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சும் துளை கிடையாது, தண்ணீருக்குள் இறங்கும் மோட்டார் காலின் பின்புறத் துவாரங்களில் புகையோடு சாரலாகத்தான் வரும், கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பம்பின் ரப்பர் இம்பெல்லர் கெட்டியாகி இதழ்கள் ஒருபக்கமாக வளைந்தே நின்றிருக்கும். வாங்கியதும் முதலில் மாற்ற வேண்டிய பாகம் அது. இரண்டாவது, என்னைப்போல ஆயிலைக் குறைத்தது.

மூன்றாவதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. நீங்கள் ஆயிலைச் சரியாக அளந்து ஊற்றியிருந்தும் மோட்டாருக்கு ஆயில் போகாமல் இருக்கலாம். பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அமெரிக்காவில் பொதுவாக 10 சதவீதம், இந்தியாவில் இப்போது 20. எத்தனாலுக்குத் தண்ணீரைப் பிடித்திழுக்கும் குணம். டேங்க் மூடி வழியே மழைத்தண்ணீரோ ஈரக்காற்றோ உள்ளே போய் ஓரளவு சேர்ந்ததும், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தனிப் படலமாக இறங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் உறிஞ்சு குழாய் இருப்பதோ அடியில். முதலில் மோட்டாருக்குள் போவது ஆயிலே இல்லாத அந்தப் படலம்தான். மிச்சப் பெட்ரோலை மறுநாள் பார்த்தால் ஆயில் நிறம் அழகாகத் தெரியும், நமக்குக் காரணமே புரியாது.

சோதிப்பது சுலபம். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள், இரண்டு அடுக்காகப் பிரிந்து தெரிந்தால் அந்த டேங்க் முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டும், மேலே ஆயில் சேர்த்துக் குலுக்குவதில் பயனில்லை. நீங்கள் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதா என்று பார்க்க, ஆயில் கலக்காத பெட்ரோலைப் பாட்டிலில் எடுத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தண்ணீரின் மட்டத்தைக் கோடு போட்டுவிட்டுக் குலுக்கி வையுங்கள். தெளிந்த பிறகு கீழே நிற்கும் மட்டம் கோட்டைத் தாண்டி உயர்ந்திருந்தால் எத்தனால் இருக்கிறது. மினசோட்டாவில் எத்தனால் இல்லாத உயர்ரகப் பெட்ரோலைப் படகு, பழைய கார், சின்ன எஞ்சின்களுக்கென்று தனி பம்பில் விற்கிறார்கள், விலை கூடுதல். நான் அதைத் தவிர வேறு ஊற்றுவதில்லை. அது கிடைக்காத ஊரில் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மிச்சத்தை வைக்காமல் ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

"ஆறு மாதம் கழித்து எடுத்தால் ஸ்டார்டே ஆகவில்லை"

இதில் ஆயில் அளவுக்குப் பங்கே இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி, மிஞ்சிய ஆயிலும் பிசினும் பழுப்பாக ஒட்டித் துவாரங்களை அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அந்தக் காலத்து மிதவை கார்க்கால் செய்தது, மேலே பூசிய அரக்கை எத்தனால் கரைத்து, கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்கும், அப்போது கார்புரேட்டர் வழிந்துகொண்டே இருக்கும், மிதவையை மாற்ற வேண்டியதுதான். அடுத்த தடவை நிறுத்தி வைக்கும் முன், பெட்ரோல் ஹோஸைக் கழற்றிவிட்டு மோட்டார் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

1950-களின் ஜான்சன், எவின்ரூட் என்றால் இன்னொன்றும் பாருங்கள். டேங்கிலிருந்து இரட்டைக் குழாய் வந்தால் அதில் ஃப்யூயல் பம்ப் கிடையாது, மோட்டார் டேங்குக்குள் காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தால்தான் பெட்ரோல் ஏறுகிறது. மூடியின் வாஷர் காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது, பெட்ரோல் வராது. அழுத்தத்தில் இருக்கும் டேங்க் கசிந்தால் தீப்பிடிக்கும் என்பதால் வெடித்த குழாயோடு ஒருநாளும் ஓட்டாதீர்கள், மோட்டாரை நிறுத்தியதும் மூடியைத் தளர்த்தி அழுத்தத்தை விடுங்கள்.

"தண்ணீர்மேல் வானவில் மாதிரி ஆயில் படலம்"

ஓடும்போது மட்டும் வந்தால் எரியாமல் போகும் கலவை. பழைய டூ-ஸ்ட்ரோக்கில் ஒரு பங்கு பெட்ரோலும் ஆயிலும் எரியாமலே வெளியே போகத்தான் செய்யும், அதனால்தான் அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999-இல் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்குகளுக்குத் தடை போட்டார்கள். அந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். குடிநீர் எடுக்கும் ஏரியில் என் மோட்டாரை இறக்குவதில்லை. ஊசிகளைச் சரியாக வைத்தால் படலம் கண்ணுக்குத் தெரிந்தே குறையும்.

மோட்டார் நிற்கும்போதும் படலம் வந்தால் அது கியர் ஆயில். கியர் பெட்டியின் கீழே இருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து பாருங்கள், பால் கலந்த காபிபோல வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. பழைய சீகலில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் புகுவது அதன் அமைப்பு, அதற்கு எஸ்ஏஈ 140 கெட்டி ஆயிலை ஊற்றி அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கலக்கும் முறை, இரண்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு

ஆயிலை முதலில் கேனில் ஊற்றி, கால்பங்கு பெட்ரோல் விட்டுக் குலுக்கி, பிறகு மிச்சப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கின்மேல் குளிர்ந்த ஆயிலை ஊற்றினால் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். இதைக் கரையில், கேனைத் தரையில் வைத்துச் செய்யுங்கள், படகில் வைத்து வேண்டாம்.

50-க்கு 1 மோட்டாரில் தவறி 24-க்கு 1 கலவையை ஊற்றிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, புகை கூடும், பிளக் கொஞ்சம் கறுக்கும், அந்த டேங்க் தீர்ந்ததும் சரியாகிவிடும். 24-க்கு 1 மோட்டாரில் 50-க்கு 1 கலவை போய்விட்டால் ஸ்டார்ட் செய்வதற்குமுன் கூடுதல் ஆயிலை அளந்து சேர்த்துவிடுங்கள், லிட்டருக்கு இன்னும் 22 மில்லி. என்னிடம் இரண்டு கேன் இருக்கிறது, 24-க்கு 1 கேனின் கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றி, கலந்த தேதியையும் அதிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.